தாடை இறுக்கமும் தலைவலியும்: காரணமும் தணிப்பும் தேடிய வரலாறு

உணவை மெல்லுவதற்குப் பயன்படும் தசைகள், மெல்லாத நேரத்திலும் தளராமல் சுருங்கிய நிலையிலேயே இருப்பது தாடை இறுக்கம் எனப்படுகிறது. வேலைப்பளு, பணக்கவலை, தேர்வு அச்சம், வீட்டுச் சிக்கல் போன்ற அன்றாட நெருக்கடிகளின்போது பலர் தம்மை அறியாமலேயே மேற்பல்லையும் கீழ்ப்பல்லையும் அழுத்திக்கொள்கின்றனர். இதன் விளைவாகக் கன்னம் கனத்தல், காதோரம் வலித்தல், வாயை அகலத் திறக்க இயலாமை, நெற்றிப்பொட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டியது போன்ற தலைவலி ஆகியவை தோன்றுகின்றன.

இந்த வலி மிகப் பழையது. ஆனால் அதன் காரணம் பல்லில் இருக்கிறதா, மூட்டில் இருக்கிறதா, தசையில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் கடந்த 150 ஆண்டுகளில் வெவ்வேறு விடைகளைக் கூறி வந்துள்ளது. ஒவ்வொரு விடையும் ஒரு சிகிச்சை முறையைக் கொண்டுவந்தது. அவற்றுள் சில எளியவை, செலவற்றவை. வேறு சில, நோயாளிகளின் பற்களையும் தாடை எலும்பையும் மீட்க முடியாதபடி சேதப்படுத்தின. எனவே இவ்வலியின் வரலாறு, சிகிச்சையை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாறாகவும் அமைகிறது.

தாடையின் அமைப்பு

கீழ்த்தாடை எலும்பு, காதுக்குச் சற்று முன்னால் இருபுறமும் மண்டையோட்டுடன் இணைகிறது. கீலைப் போல மடங்குவதோடு முன்னும் பின்னும் வழுக்கவும் செய்யும் மூட்டு இது. எலும்புகளுக்கு இடையே மென்மையான ஒரு வட்டு மெத்தையைப் போல அமைந்துள்ளது.

தாடையை மூடும் தசைகளுள் இரண்டை விரலால் தொட்டே அறியலாம். பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைப்பது மாசெட்டர் எனப்படும் கன்னத் தசை. அதே நேரத்தில் நெற்றிப்பொட்டில் அசைவது டெம்போராலிஸ் எனப்படும் பொட்டுத் தசை. பொட்டுத் தசை தலையின் பக்கவாட்டில் விசிறி போலப் பரந்து கீழ்த்தாடையில் வந்து சேர்கிறது. ஆதலால் தாடையின் களைப்பைத் தலைவலியாக உணர்வது வியப்பன்று. இத்தசைகள், பற்கள், முகத்தோல், தலையின் முன்பகுதி ஆகிய அனைத்தின் உணர்வும் முப்பெருநரம்பு என்ற ஒரே நரம்பின் வழியாக மூளைத்தண்டுக்குச் செல்கிறது. அதனால் தசையில் எழும் வலி பல்வலியாகவோ காதுவலியாகவோ தோன்றுவதுண்டு.

ஓய்வு நிலையில் உதடுகள் மூடியிருந்தாலும் பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றுக்கிடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். உண்ணும்போதும் விழுங்கும்போதும் பற்கள் தொடும் நேரத்தைக் கூட்டினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடமே ஆகும் என்பது பல் மருத்துவத்தில் வழங்கும் மதிப்பீடு. கணினித் திரையின் முன் பல மணி நேரம் பற்களைச் சேர்த்து வைத்திருப்பவர், சிறிதளவே அழுத்தினாலும், அந்தத் தசைகளுக்குப் பழக்கமில்லாத வேலையைத் தருகிறார்.

மொழியில் பதிந்த அறிவு

மனநிலைக்கும் தாடைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் எழுதுவதற்கு முன்பே மக்கள் அறிந்திருந்தனர். தமிழில் துன்பத்தைத் தாங்குவதைப் ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல்’ என்கிறோம். சினத்தைக் குறிக்க ‘நறநறவெனப் பல்லைக் கடித்தல்’ என்கிறோம். முன்னது வெளிக்காட்டாத துன்பம். பின்னது வெளிப்படும் கோபம். நாள்தோறும் வரும் தாடை வலியில் பெரும்பங்கு முன்னதைச் சார்ந்தது.

இத்தொடர்பை அறிவியல் நோக்கில் எழுதியவர்களுள் சார்லஸ் டார்வின் ஒருவர். மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பற்றி அவர் 1872இல் வெளியிட்ட நூலில், சினத்தின்போது பற்களை இறுக்குவதும் அரைப்பதும் பேசப்படுகின்றன.

பழங்காலக் குறிப்புகள்

தாடை பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்று எகிப்தில் கிடைத்தது. எட்வின் சுமித் என்பவர் 1862இல் லக்சரில் வாங்கிய பாப்பிரசுச் சுருள், கி.மு. 1600 அளவில் எழுதப்பட்ட படி என்று கருதப்படுகிறது. அதை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டார். அதில் உள்ள 48 நோயாளர் குறிப்புகளுள் 25ஆவது, கழன்ற கீழ்த்தாடையைப் பற்றியது. கட்டைவிரல்களை வாய்க்குள் வைத்து, மற்ற விரல்களைத் தாடைக்குக் கீழே பிடித்து, தாடையை மீண்டும் இடத்தில் பொருத்தும் முறையை அது விளக்குகிறது. கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலும் இதையொத்த முறையைக் கூறுகிறது. இன்றைய மருத்துவர்களும் அடிப்படையில் அவ்வாறே செய்கின்றனர்.

எனினும் இக்குறிப்புகள் கண்ணுக்குத் தெரியும் பாதிப்பையே பேசின. எலும்பு விலகாமல், வீக்கமின்றி, நாள் முழுவதும் வலிக்கும் தாடைக்கு மருத்துவ நூல்களில் தனி இடம் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று.

நரம்புத் தளர்ச்சியும் ஓய்வுச் சிகிச்சையும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடர்வண்டி, தந்தி, ஆலை ஆகியவை வாழ்க்கையின் வேகத்தைக் கூட்டின. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869இல் ‘நியூரஸ்தீனியா’ என்ற நரம்புத் தளர்ச்சிக் கருத்தை முன்வைத்தார். தலைவலி, களைப்பு, உறக்கமின்மை, பதற்றம் ஆகியவை நரம்பின் ஆற்றல் தீர்ந்துபோவதால் வருகின்றன என்பது அவர் கருத்து. நவீன வாழ்க்கையே இதற்குக் காரணம் என்றும் அவர் கூறினார்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த சிலாஸ் வியர் மிட்செல் இதற்கு ‘ஓய்வுச் சிகிச்சை’யைப் பரிந்துரைத்தார். நோயாளி, பெரும்பாலும் ஒரு பெண், பல வாரங்கள் படுக்கையிலேயே இருக்க வேண்டும். நிறைய உண்ண வேண்டும். படிப்பும் எழுத்தும் உறவினர் சந்திப்பும் விலக்கப்பட்டன. 1887இல் இச்சிகிச்சையைப் பெற்ற எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அது தம்மை மேலும் குலைத்ததாகக் கருதினார். அந்தப் பட்டறிவிலிருந்தே 1892இல் வெளியான ‘தி யெல்லோ வால்பேப்பர்’ என்ற சிறுகதை பிறந்தது. நெருக்கடியால் வரும் வலிக்கு நோயாளியைச் செயலற்றவராக ஆக்குவது தீர்வாகாது என்பதைப் பிற்காலத்தவர் இதிலிருந்து உணர்ந்தனர்.

பல்லைக் குற்றவாளியாகக் கண்ட காலம்

1887இல் எடின்பரோ அறுவை மருத்துவர் தாமஸ் அனன்டேல், தாடை மூட்டில் இடம்பெயர்ந்த வட்டை அறுவை செய்து சரிப்படுத்தியதைப் பற்றி எழுதினார். இம்மூட்டின் வட்டில் செய்யப்பட்ட அறுவை குறித்த தொடக்கக்கால அறிக்கை இது. 1901இல் வியன்னாவின் மோரிட்ஸ் காரோலி, பற்களை அரைக்கும் பழக்கத்தை ஈறு நோயுடன் தொடர்புபடுத்தினார். 1907இல் பிரான்சில் மாரி, பியட்கிவிச் ஆகியோர் இப்பழக்கத்துக்கு ‘புருக்சோமானியா’ என்று பெயரிட்டனர். பல்லை அரைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது. 1931இல் ஃபுரோமன் ‘புருக்சிசம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல்லே இன்றும் வழங்குகிறது. தமிழில் இதைப் பற்கடிப்பு என்பர்.

1934இல் செயின்ட் லூயி நகரின் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் ஒரு கட்டுரை வெளியிட்டார். காது அடைப்பு, காதிரைச்சல், தலைசுற்றல், தலைவலி ஆகியவற்றோடு வந்த 11 நோயாளிகளைப் பற்றியது அது. கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுக்கு மீறி மூடுவதால், மூட்டு பின்னால் நகர்ந்து நரம்பையும் காதின் பகுதிகளையும் அழுத்துகிறது என்று அவர் விளக்கினார். கடிப்பின் உயரத்தைக் கூட்டினால் வலி தீரும் என்பது அவர் முடிவு.

‘காஸ்டன் நோய்க்குறி’ விரைவில் புகழ்பெற்றது. எனினும் உடற்கூற்றியல் அறிஞர் ஹாரி சிகர் 1948இல், காஸ்டன் கூறியவாறு அந்த நரம்பு அழுத்தப்படுவதற்கு உடலமைப்பு இடம் தருவதில்லை என்று காட்டினார். விளக்கம் வீழ்ந்தாலும் சிகிச்சை நிற்கவில்லை. கடிப்புப் பொருந்தாமையே வலிக்குக் காரணம் என்ற நம்பிக்கையால் எண்ணற்றோரின் பற்கள் தேய்த்துச் சமப்படுத்தப்பட்டன. தேய்த்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

நெருக்கடி என்ற கருத்தும் ஜேக்கப்சனின் தளர்வுப் பயிற்சியும்

இதே காலத்தில் உடலியங்கியலில் வேறொரு பாதை உருவாயிற்று. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் உடலைப் போரிடவோ ஓடவோ ஆயத்தப்படுத்துகின்றன என்று விளக்கினார். 1936இல் ஹான்ஸ் செல்யே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை, பலவகைத் தீங்குகளுக்கும் உடல் ஒரே வகையான எதிர்வினை காட்டுவதைக் கூறியது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் மருத்துவத்திலும் பின்னர் மக்கள் பேச்சிலும் பரவ அவருடைய ஆய்வுகள் காரணமாயின.

ஆயத்தமாகும் உடல் தசையை இறுக்குகிறது. போரும் ஓட்டமும் இல்லாத அலுவலக நாற்காலியில் அந்த இறுக்கம் எங்கே போகும்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர் சிகாகோவின் எட்மண்ட் ஜேக்கப்சன். 1888இல் பிறந்த அவர், 1929இல் ‘படிப்படியான தளர்வு’ என்ற பொருளில் அமைந்த தம் மருத்துவ நூலையும், 1934இல் பொதுமக்களுக்கான நூலையும் வெளியிட்டார்.

அவர் முறை எளியது. ஒரு தசையை மெதுவாக இறுக்கி, அந்த இறுக்கம் எப்படியிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு முயற்சியை விட்டுவிட வேண்டும். கை, கால், நெற்றி, கண், தாடை, நாக்கு என ஒவ்வொரு பகுதியாகப் பயில வேண்டும். பெரும்பாலோர் தாம் இறுகியிருப்பதையே அறிவதில்லை, ஆகவே அறிதலே முதற்படி என்பது அவர் கண்டது. தளர்ந்ததாகத் தோன்றும் தசையிலும் மீந்திருக்கும் இறுக்கத்தை நுண்ணிய மின்னளவிகளால் அவர் அளந்தார். அத்தகைய கருவியை உருவாக்குவதில் பெல் தொலைபேசி ஆய்வகத்தின் உதவியும் அவருக்குக் கிடைத்தது.

ஜேக்கப்சனின் முழுப் பயிற்சிக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. ஜோசப் வோல்பே 1958இல் தம் அச்சம் நீக்கும் சிகிச்சைக்காக அதைச் சுருக்கினார். 1973இல் பெர்ன்ஸ்டைன், போர்கோவெக் ஆகியோர் வெளியிட்ட கையேடு அதை மேலும் பரப்பியது. இன்று தூக்கமின்மைக்கும் தலைவலிக்கும் கற்பிக்கப்படும் தளர்வுப் பயிற்சிகள் பல இந்த வழியில் வந்தவையே.

தலைவலிக்குப் பெயர் தேடியவர்கள்

நியூயார்க்கின் ஹெரால்டு வுல்ஃப் தலைவலியை ஆய்வகத்தில் ஆராய்ந்த முன்னோடி. அவர் குழு 1940களில், தலை மற்றும் கழுத்துத் தசைகள் நீடித்துச் சுருங்குவதால் வலி தோன்றுவதைக் காட்டியது. அவருடைய பெருநூல் 1948இல் வெளியாயிற்று. 1962இல் அமெரிக்காவில் அமைந்த வல்லுநர் குழு தலைவலிகளை வகைப்படுத்தியபோது, இவ்வகைக்குத் ‘தசைச் சுருக்கத் தலைவலி’ என்று பெயரிட்டது.

காரணம் சுருக்கமே என்றால், சுருக்கத்தைக் குறைக்கக் கற்பிக்கலாம் அல்லவா? கொலராடோவில் தாமஸ் புட்சின்ஸ்கி, யோகான் ஸ்டோய்வா ஆகியோர் நெற்றித் தசையின் மின்னலைகளை ஒலியாக மாற்றி நோயாளிக்குக் கேட்கச் செய்தனர். தசை தளரத் தளர ஒலி குறையும். 1970இல் வெளியான இந்த ஆய்விலிருந்து ‘பயோஃபீட்பேக்’ எனும் உயிர்ப் பின்னூட்ட முறை தலைவலிச் சிகிச்சையில் இடம்பெற்றது.

ஆனால் அளவீடுகள் பெருகியபோது ஒரு முரண் வெளிப்பட்டது. இத்தலைவலி உள்ளோர் அனைவருக்கும் தசைச் சுருக்கம் மிகுந்திருக்கவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளோரிடமும் அது காணப்பட்டது. எனவே 1988இல் பன்னாட்டுத் தலைவலிக் கழகம் வெளியிட்ட வகைப்பாடு, காரணத்தை முடிவாகக் கூறாத ‘இறுக்க வகைத் தலைவலி’ என்ற பெயரை ஏற்றது. தலைத் தசைகளைத் தொட்டால் வலிப்பது பலரிடம் காணப்படினும், நீண்டகாலத் தலைவலியில் மூளையும் தண்டுவடமும் வலியை மிகைப்படுத்தி உணர்வதும் பங்கு கொள்கிறது என்பது இன்றைய கருத்து. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தலைவலி வருவதாக மதிப்பிடப்படுகிறது.

பல்லிலிருந்து தசைக்கு

பல் மருத்துவத்திலும் சிந்தனை மாறியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாசுலோ ஷ்வார்ட்ஸ் 1950களில், தாடை வலியுடன் வருவோர் பலரின் சிக்கல் மூட்டில் அன்றித் தசைகளில் இருப்பதாகவும், மன இறுக்கத்துக்கு அதில் பங்குண்டு என்றும் கூறினார். 1969இல் இல்லினாய்சின் டேனியல் லாஸ்கின் இதை விரிவாக்கி, மன நெருக்கடியால் விளையும் தசைக் களைப்பே முதன்மைக் காரணம் என்றார்.

அதே அணியினர் 1976இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. 25 நோயாளிகளுக்குப் பற்களைச் சமப்படுத்துவது போன்ற பாவனை மட்டும் செய்யப்பட்டது. கருவி ஓடியது, கடிப்பு மாற்றப்படவில்லை. இருந்தும் 16 பேர் வலி தணிந்ததாகக் கூறினர். பற்களைத் தேய்த்ததால் குணம் கிடைத்தது என்று நம்பப்பட்டவற்றில் எவ்வளவு, மருத்துவரின் கவனத்தாலும் நோயாளியின் எதிர்பார்ப்பாலும் இயல்பான தணிவாலும் வந்தது என்ற கேள்வியை இது எழுப்பியது. 1984இல் ரூ குழுவினர் வேண்டுமென்றே உயரமான பற்கவசங்களைப் பொருத்திப் பார்த்தனர். இரவுப் பற்கடிப்பு கூடவில்லை. பெரும்பாலோரிடம் அது குறைந்தது. கடிப்புக் குறையே பற்கடிப்பைத் தூண்டுகிறது என்ற பழைய கொள்கை இதனால் வலுவிழந்தது.

தசையிலிருந்து வலி வேறிடத்துக்குப் பரவுவதை விரிவாக வரைந்தவர் ஜேனட் டிராவல். 1961 முதல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராகப் பணியாற்றியவர் இவர். டேவிட் சைமன்சுடன் இணைந்து 1983இல் அவர் வெளியிட்ட கையேடு, கன்னத் தசையின் வலி கடைவாய்ப் பல்லிலும் காதிலும், பொட்டுத் தசையின் வலி மேற்பல்லிலும் தலையிலும் தோன்றுவதைப் படங்களுடன் காட்டியது. நலமான பல்லைப் பிடுங்கிவிடாமல் இருக்க இவ்வறிவு பல் மருத்துவருக்குத் தேவைப்பட்டது.

உள்வைப்புகளால் நேர்ந்த தீங்கு

தசையும் மனமும் பேசப்பட்ட அதே காலத்தில் அறுவை மருத்துவம் வேறு திசையில் சென்றது. மூட்டின் வட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகட்டை வைக்கும் முறை 1980களில் பரவியது. அமெரிக்காவின் வைடெக் நிறுவனம் செய்த உள்வைப்புக்கு 1983இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. ஏற்கெனவே சந்தையில் உள்ள பொருட்களை ஒத்தது என்ற அடிப்படையில் கிடைத்த அனுமதி அது. ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டது.

மெல்லும் அழுத்தத்தில் அத்தகடு நொறுங்கியது. அதன் துகள்களை அழிக்க உடல் அனுப்பிய உயிரணுக்கள் சுற்றியிருந்த எலும்பையும் அரித்தன. வாய் திறக்க முடியாமலும் தாங்க முடியாத வலியோடும் பலர் மீண்டும் மீண்டும் அறுவைக்கு உள்ளாயினர். 1990இல் நிறுவனம் திவாலானது. 1990-91இல் அரசு எச்சரிக்கை விடுத்து உள்வைப்புகளைத் திரும்பப் பெறச் செய்தது. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் பெண்கள்.

இந்நிகழ்வுக்குப் பின் 1996இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாடு, மாற்ற முடியாத சிகிச்சைகளுக்கு முன் எளிய, திரும்பப் பெறக்கூடிய சிகிச்சைகளையே நாட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தியது. 2020இல் வெளியான அமெரிக்கத் தேசியக் கல்விக்கழகங்களின் அறிக்கையும் தாடை நோயாளிகள் பல் மருத்துவத்துக்கும் பொது மருத்துவத்துக்கும் இடையே அலைக்கழிக்கப்படுவதைச் சுட்டிக்காட்டியது.

தைலங்களின் கதை

மருத்துவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, ஆசிய வீடுகளில் தலைவலிக்கு முதல் மருந்தாக இருந்தது தைலம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் பின்னர் சென்னைக்கு வந்தது. மஞ்சள் நிற அமிர்தாஞ்சன் தமிழர் வீடுகளில் தலைவலிக்கு மறுபெயராகவே ஆயிற்று. சிங்கப்பூர், மலேசியா வழியாகப் புலித் தைலமும் கோடாலித் தைலமும் தமிழரிடையே பரவின. மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் போன்றவை இவற்றின் பொருட்கள்.

இவற்றின் பயன் ஆய்வுக்கும் உட்பட்டுள்ளது. 1996இல் ஆஸ்திரேலியாவில் வெளியான சோதனையில், இறுக்க வகைத் தலைவலிக்குப் புலித் தைலம் போலித் தைலத்தை விட நன்கு பயன்பட்டது. பாரசிட்டமாலுக்கும் அதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதே ஆண்டில் ஜெர்மனியின் கோபல் குழுவினர், நெற்றியிலும் பொட்டிலும் தடவும் 10 விழுக்காடு புதினா எண்ணெய்க் கரைசலைப் பற்றி இதையொத்த முடிவைக் கூறினர். மென்தால், தோலில் உள்ள குளிர் உணர்விகளைத் தூண்டுவது இதற்கு ஒரு விளக்கமாகும். தடவும்போது தசை நீவப்படுவதும் பயன் தரக்கூடும்.

இன்றைய புரிதல்

தாடை நோய்களை வகைப்படுத்தும் அளவுகோல்கள் 1992இலும், திருத்தப்பட்டு 2014இலும் வெளியாயின. அவை தசை வலி, மூட்டு வலி, வட்டு இடப்பெயர்ச்சி, தாடை நோயால் வரும் தலைவலி எனப் பிரிப்பதோடு, நோயாளியின் மனநிலையையும் அன்றாட வாழ்வில் வலி ஏற்படுத்தும் தடையையும் அளவிடுகின்றன. அமெரிக்காவில் நடந்த ‘ஒப்பேரா’ என்ற நெடுங்கால ஆய்வு, தாடை வலி தோன்றுவதற்கு ஒற்றைக் காரணம் இல்லை என்று காட்டியது. உடலின் பிற வலிகள், மன நெருக்கடி, உறக்கக் குறைவு ஆகியவை சேர்ந்து அதன் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

பகல் இறுக்கமும் இரவுப் பற்கடிப்பும் ஒன்றல்ல என்பதும் தெளிவாகியுள்ளது. மாண்ட்ரியலில் ஜில் லவின் குழுவினர் செய்த உறக்க ஆய்வுகள், இரவுப் பற்கடிப்புக்குச் சற்று முன் மூளையில் சிறு விழிப்பும் இதயத் துடிப்பு உயர்வும் நிகழ்வதைக் கண்டன. அது உறக்கத்தின் நிகழ்வு. விருப்பத்தால் நிறுத்த இயலாது. பகல் இறுக்கமோ பழக்கம், கவனத்தால் மாற்றக்கூடியது.

வலியைத் தணிக்கும் வழிகள்

இவ்வரலாற்றில் நிலைத்து நின்றவை, தீங்கற்ற எளிய முறைகளே. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

தாடையின் ஓய்வு நிலையைப் பழகுதல்: உதடுகள் மூடியிருக்க, பற்கள் தொடாமல், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள அண்ணத்தில் மெல்லப் படிந்திருக்க வேண்டும். ‘ன’ என்று ஒலிக்க நாக்கு மேலே பதியும் இடம் ஏறத்தாழ அதுவே.

பழக்க மாற்றம்: அஸ்ரின், நன் ஆகியோர் 1973இல் வகுத்த முறையைத் தழுவியது. பல்லைச் சேர்க்கும் தருணத்தைக் கண்டறிந்து, உடனே எதிர்ச் செயலாகத் தாடையைத் தளர்த்த வேண்டும். கைபேசி ஒலிக்கும்போதோ கதவைத் திறக்கும்போதோ தாடையை ஒருமுறை கவனிப்பது நினைவூட்டியாக உதவும்.

தளர்வுப் பயிற்சி: ஜேக்கப்சன் முறைப்படி தோள், நெற்றி, தாடை ஆகியவற்றை மெதுவாக இறுக்கித் தளர்த்தலாம். தாடை வலிக்கும்போது அதை வலிந்து கடிக்காமல் தளர்த்துவதை மட்டும் செய்வது நல்லது.

வெந்நீர் ஒத்தடம்: ஈரத்துணியைத் தாங்கும் சூட்டில் நனைத்துக் கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம் வைக்கலாம். பின் விரல் நுனியால் வட்டமாக நீவலாம்.

தாடைக்கு ஓய்வு: வலி குறையும் வரை முறுக்கு, சீடை, கரும்பு, சூயிங்கம் போன்றவற்றைத் தவிர்த்து இட்லி, குழைந்த சோறு போன்ற மென்மையான உணவை உண்ணலாம்.

இரவில் அணியும் ‘நைட் கார்டு’ எனும் பற்காப்பு, பற்கள் தேயாமல் காக்கிறது. சிலருக்கு வலியும் குறைகிறது. ஆனால் அது பற்கடிப்பை நிலையாக நிறுத்துவதில்லை. வலிநிவாரணி மாத்திரைகளைக் குறுகிய காலத்துக்கு எடுக்கலாம். மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ பல மாதங்கள் தொடர்ந்து உட்கொண்டால் அந்த மாத்திரைகளே தலைவலியை உண்டாக்கும்.

மருத்துவரை உடனே நாட வேண்டிய நிலைகள்

எல்லாத் தாடை வலியும் மன நெருக்கடியால் வருவதன்று. 50 வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டில் வலி தோன்றி, மெல்லும்போது தாடை வலித்து ஓய்வெடுத்தால் தணியுமானால், அது பொட்டுத் தமனி அழற்சியாக இருக்கலாம். காலந்தாழ்த்தினால் பார்வையைப் பறிக்கும் நோய் அது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடையில் தோன்றும் வலி இதய நோயின் அறிகுறியாகலாம். திடீரெனத் தோன்றும் கடுந்தலைவலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கைகால் செயலிழப்பு, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல் ஆகியவற்றுக்கும் உடனடி மருத்துவம் தேவை.

இவை இல்லாத வழக்கமான தாடை இறுக்கம் பெரும்பாலோருக்கு எளிய பராமரிப்பிலேயே தணிகிறது. பற்களைத் தேய்த்துச் சமப்படுத்துதல், மூட்டு அறுவை போன்ற மாற்ற முடியாத சிகிச்சை பரிந்துரைக்கப்படுமானால், எளிய முறைகள் முழுமையாக முயலப்பட்டனவா என்று கேட்பதும், இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமையாகும்.